உட்கார இடம் தந்த ஓட்டல்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் பழைய சென்னையின் சிற்றுண்டிச் சாலைகளைப் பற்றி இந்தப் பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை படித்தேன். இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களின் கருத்து மாறாமல் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: செம்மொழிப் பூங்காவுக்குப் பேத்தியை அழைத்துப் போயிருந்தேன். "இந்த மரத்தடியில் காருக்குள் உட்கார்ந்தபடியே நான் தோசை சாப்பிட்டிருக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குப் படித்துக் காட்டும்படி அந்த ஓட்டலைப் பற்றிக் கொஞ்சம் எழுதுவீர்களா?
(அடையாறு வாசகி)

பதில்: தாராளமாகப் படித்துக் காட்டுங்கள், அம்மா. கதீட்ரல் சாலையில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் 1962 முதல் 2008 வரை, 46 ஆண்டுகள், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கட்டடம் கண்ணில் படாது. முதலில் மரங்கள்தான் தெரியும். அந்த மரங்களின் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சர்வர் வந்து கேட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது ஒரு நீளத் தட்டைக் கொண்டுவந்து கார் சன்னலின் விளிம்பில் மாட்டுவார். அதன் மேல் டிபனும் தண்ணீரும் காபியும் வந்து அமரும்.

என் பெரியப்பாவிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், எங்கள் ஐந்து பேரையும் அதில் அடைத்துக்கொண்டு அங்கே அழைத்துப் போவார். தட்டு மாட்டப்படும் சன்னல் பக்கம் யார் உட்காருவது என்பதில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சண்டை தொடங்கிவிடும். ஒருமுறை அந்த இடம் எனக்குக் கிடைத்தது. தட்டை மாட்டியபோது கண்ணாடி லேசாக 'டக்'கென்று அதிர்ந்ததும், பூரியின் மேல் இருந்த உப்பல் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்ததும், அதன் மேல் ஒரு சின்ன மஞ்சள் பூ மரத்திலிருந்து விழுந்ததும், சர்வர் அதை இரண்டு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு "சாப்பிடு தம்பி, மரத்துக்கும் பசிக்குது" என்றதும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சர்வரின் பெயர் எனக்குத் தெரியாது.

ஆனால் டிரைவ்-இன் ஓட்டலைக் கார்க்காரர்களின் ஓட்டல் என்று மட்டும் பேத்தி நினைத்துவிடக் கூடாது. உள்ளே மேசை நாற்காலி போட்ட கூடமும் இருந்தது. அங்கே பெரும்பாலும் நடந்து வந்தவர்களும், பஸ்ஸில் வந்தவர்களும், ஸ்கூட்டரில் வந்தவர்களும்தான் இருப்பார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் காலையில் பையோடு வந்து, அன்று எந்தெந்த டாக்டரைப் பார்ப்பது என்று அங்கேதான் பிரித்துக்கொள்வார்கள். காப்பீட்டு முகவர்கள் படிவங்களை அங்கேயே நிரப்புவார்கள். சினிமாவில் வாய்ப்புத் தேடியவர்கள் ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடிப்பார்கள். பெண் பார்த்த பிறகு, "இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும்" என்று பெரியவர்கள் பக்கத்து மேசைக்கு நகர்ந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன். எழுந்து போகச் சொல்லி யாரும் பில்லைக் கொண்டுவந்து வைத்ததில்லை. நான் இந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: அந்த ஓட்டல்கள் விற்றது டிபன், கூடவே கொடுத்தது உட்கார இடம்.

அந்த நிலம் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. சென்னையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கப்பட்டது. தாவரவியல் அறிஞரான டாக்டர் ராபர்ட் வைட் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். ஓட்டலுக்குள் அவ்வளவு மரங்கள் இருந்ததற்கு அதுவே காரணம். பின்னர் நிலம் அரசின் வசம் போயிற்று, 2008இல் ஓட்டல் மூடப்பட்டது, 2010 நவம்பரில் பூங்கா திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த பெயர் அது. பழைய மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அவற்றில் பருத்த மரம் ஒன்றைப் பேத்திக்குத் தொட்டுக் காட்டுங்கள். அந்த நிழலில் நிச்சயம் ஒரு கார் நின்றிருக்கும்.

கேள்வி: உட்லண்ட்ஸ் என்பது ஆங்கிலப் பெயராக இருக்கிறதே, உடுப்பிக்காரர் ஒருவர் ஏன் அப்படிப் பெயர் வைத்தார்?
(பெங்களூர் வாசகர்)

பதில்: அவர் வைத்த பெயர் அல்ல அது, கட்டடத்தோடு வந்த பெயர். கே. கிருஷ்ணராவ் உடுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் சமையலறை எடுபிடியாக வேலை பார்த்து, சென்னைக்கு வந்து, முதலில் சிறிய ஓட்டல்களை நடத்தியவர். 1930களின் இறுதியில் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரச குடும்பத்தாருக்குச் சொந்தமான ஒரு பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்து, தங்கும் விடுதியோடு சேர்ந்த சைவ ஓட்டலாக மாற்றினார். அந்தப் பங்களாவின் பெயர் உட்லண்ட்ஸ். அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது பெயரை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டார். அன்று எட்வர்டு எலியட்ஸ் சாலை எனப்பட்ட இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில் 1952இல் திறந்த ஓட்டலுக்கு 'நியூ உட்லண்ட்ஸ்' என்று பெயர் வந்தது அப்படித்தான். பத்து ஆண்டுகள் கழித்து டிரைவ்-இன். இராயப்பேட்டையில் அதே பெயரில் பின்னாளில் ஒரு திரையரங்கும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கேள்வி: தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'உடுப்பி' என்று ஒரு பலகை இருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? உள்ளூர்க்காரர்களுக்குச் சமைக்கத் தெரியாதா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 'அவ்வளவு தொலைவு' என்பது இன்றைய வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை உடுப்பி அடங்கிய தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பாலக்காடு அடங்கிய மலபார் மாவட்டமும் அப்படியே. ஆகவே, உடுப்பிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் சென்னைக்கு வந்தது வேற்று மாநிலத்துக்குப் பிழைக்க வந்தது ஆகாது. தஞ்சாவூர்க்காரர் வந்ததைப் போலவே தங்கள் மாகாணத் தலைநகருக்கு வந்தார்கள்.

வந்ததற்குக் காரணங்கள் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்தவை. உடுப்பி கிருஷ்ணன் கோயிலையும் அதைச் சுற்றியுள்ள மடங்களையும் ஒட்டி, ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் சமைக்கும் பழக்கம் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அப்படிச் சமைப்பது வீட்டுச் சமையலின் பெரிய அளவு அல்ல, தனித் தொழில்; அரிசியை எப்போது களைவது, எந்த அண்டாவை எப்போது இறக்குவது என்பதில் எல்லாம் கணக்கு உண்டு. நிலம் குறைவாகவும் குடும்பம் பெரிதாகவும் இருந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதிலேயே வெளியூர் சமையலறைகளுக்குப் போனார்கள். 1923இல் அந்தக் கடற்கரைப் பகுதியைப் பெருவெள்ளம் சூறையாடியது. அதன் பிறகு கிளம்பியவர்கள் இன்னும் அதிகம். இந்தப் பக்கம் சென்னையில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த குமாஸ்தாக்களும், கோர்ட்டு வேலையாக வந்து நாள் கணக்கில் தங்கியவர்களும், கல்லூரி மாணவர்களும் பெருகியிருந்தார்கள். அவர்களுக்கு நம்பிச் சாப்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது.

உள்ளூர்க்காரர்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. காசுக்குச் சோறு விற்பது நம் பக்கத்தில் நெடுங்காலம் மதிப்புக் குறைவான வேலையாகக் கருதப்பட்டது. அந்தத் தயக்கத்தை முதலில் உதறியவர்கள் முன்னால் போனார்கள். எல்லாரும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும்தான் வந்தார்கள் என்பதும் இல்லை. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கி, இட்லியைச் சாம்பாரில் மிதக்க விட்டே பெயர் வாங்கிய இரத்னா கபேயைத் தொடங்கிய குடும்பம் வட நாட்டிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ச் சாம்பாருக்கு வடக்கத்திக் குடும்பம் ஒன்று இலக்கணம் வகுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியை. பழைய ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் காபியின் மணத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அந்த ஓட்டல்களின் வாசலில் தொங்கிய பலகைகளைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? என் தாத்தாவால் அந்த மேசைகளில் உட்கார்ந்திருக்க முடியாது.
(விழுப்புரம் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தவற்றுள் முதலாவதாகச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் நான் எழுதியதில் இது இல்லாமற்போனது என் குறை. உட்கார இடம் தந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறவன், யாருக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருகிய காபி கிளப்புகள் பலவற்றில் 'பிராமணாள்' என்ற சொல் பலகையிலேயே இருந்தது. சமைப்பவர் யார் என்பதைச் சொல்லும் பலகைதான் அது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் உட்காரும் பகுதியே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தலித் மக்களுக்கு அந்த இரண்டிலுமே இடமில்லை. காசு கொடுத்தும் வெளியே நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. பல ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் அது நீக்கப்பட்டது. என் தாத்தா இரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒரே அண்டாவிலிருந்து எடுத்த காபி இரண்டு அறைகளுக்கும் போனதைத் தாம் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைய யாருக்கும் சாதியின் பேரால் தடை இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. ஆனாலும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கபேயின் முன்னால், 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் 1957 மே மாதம் தொடங்கிய மறியல் ஏறக்குறைய பதினோரு மாதங்கள் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் வருவதும் கைதாவதுமாக இருந்து, 1958 மார்ச்சில் ஓட்டல்காரர் அந்தச் சொல்லை நீக்கினார். என் அப்பா அந்தத் தெரு வழியாகத்தான் அலுவலகம் போய் வந்தார். பலகை மாறிய பிறகும் உள்ளே அதே இட்லிதான், அதே விலைதான்; ஆனால் அலுவலகத்தில் தம்முடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அதுவரை வாசலோடு நின்றவர், அன்று உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பிறகும் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உங்கள் தாத்தா உட்கார முடியாத மேசைகளின் வரலாறும் இந்த நகரத்தின் ஓட்டல் வரலாறுதான். அவர் சொன்னவை உங்கள் நினைவில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அதை வெட்டாமல் வெளியிடுகிறோம்.

கேள்வி: சிக்கன் 65 என்ற பெயர் எப்படி வந்தது? 65 நாள் கோழி என்கிறார்கள், 65 மிளகாய் என்கிறார்கள்.
(ஈரோடு வாசகர்)

பதில்: மிளகாயையும் நாளையும் விட்டுவிடுங்கள். மவுண்ட் ரோட்டில் ஏ.எம். புகாரி 1951இல் தொடங்கிய புகாரி ஓட்டலில் 1965ஆம் ஆண்டு அறிமுகமான உணவு என்பதால் அந்தப் பெயர் என்று அந்த ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள். அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்கு முன் கொழும்பில் ஓட்டல் நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. புகாரி இன்றும் இருக்கிறது, போய்ச் சாப்பிடலாம்.

கேள்வி: அந்தக் கால ஓட்டல் இட்லியின் சுவை இப்போது எங்கேயும் இல்லை என்கிறார் என் மாமனார். உண்மையா, வயதா?
(மதுரை வாசகி)

பதில்: இரண்டும் உண்டு, ஆனால் அவர் சொல்வதில் உண்மைப் பங்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 1950களின் நடுவில் கோவையில் மாவரைக்கும் கிரைண்டர் உருவாகிப் பரவும் வரை ஓட்டல்களில் மாவு கையால்தான் ஆட்டப்பட்டது. மாவு ஆட்டுவதற்கென்றே இரண்டு மூன்று ஆட்கள் பிற்பகலில் தொடங்கி இருட்டும் வரை கல்லுரலில் உட்கார்ந்திருப்பார்கள். கல்லில் மெதுவாக ஆட்டும்போது மாவு சூடாவதில்லை. உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பொங்கும். அரிசி முழுதும் நைந்துவிடாமல் ரவைபோல் நிற்கும். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் மாவு சூடேறி, புளிப்பு முந்திக்கொள்ளும். தட்டின் குழிகளில் எண்ணெய் தடவுவதற்குப் பதில் ஈரத் துணி போட்டு வார்த்ததால் இட்லியின் அடியில் துணியின் நெசவு பதிந்திருக்கும். உங்கள் மாமனாரிடம் கேளுங்கள், அந்தக் கோடுகளைச் சொன்னவுடன் முகம் மலரும். விறகடுப்பின் தழல் வேறு. காபிக்கு அன்றன்று வறுத்து அரைத்த கொட்டை, முதல் டிகாக்‌ஷன், தண்ணீர் சேராத பால்.

அந்த மாவாட்டியவர்களின் தோள்பட்டையை நினைத்தால், கிரைண்டர் வந்தது நல்லதற்குத்தான் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை ஓட்டலில் மாவாட்டிய பெரியவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவராக இருந்தார். சட்டையைக்கூட இன்னொருவர்தான் மாட்டிவிடுவார்.

கேள்வி: கூட்டம் குறையாத ஓட்டல்களைக்கூட மூடிவிடுகிறார்களே, ஏன்? பிள்ளைகள் தொழிலை எடுத்து நடத்த விரும்பாததுதான் காரணமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குப் போனதும், சரக்கு மாஸ்டர் கிடைக்காததும் காரணங்கள்தாம். ஆனால் சென்னையில் நான் பார்த்த வரை, பெரும்பாலான பழைய ஓட்டல்களை மூடியது அடுப்பு அல்ல, நிலம்.

கணக்கு எளிது. பழைய ஓட்டல்களில் மிகப் பல, வேறொருவருக்குச் சொந்தமான கட்டடத்தில், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பேசிய வாடகையில் நடந்தவை. 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காரணமில்லாமல் வாடகைதாரரை வெளியேற்றுவதற்குத் தடையாக இருந்தது. காலி மனையை வாடகைக்கு எடுத்துத் தம் செலவில் கட்டடம் எழுப்பியவர்களுக்கு, அந்த மனையையே விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையை 1921ஆம் ஆண்டின் நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் தந்தது. இந்த இரண்டு சட்டங்களின் நிழலில்தான் ஒரு ரூபாய்க் காபியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார விடுவது ஓட்டல்காரருக்குக் கட்டுப்படியாயிற்று. நில உரிமையாளருக்கு அதே சட்டங்கள் தலைவலி. சந்தை வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வராத கட்டடத்தை அவர் எத்தனை காலம் பழுது பார்ப்பார்? ஓடு ஒழுகும், சுவர் விரிசல் விடும், வழக்கு நடக்கும். கடைசியில், கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது, இடித்துக் கட்ட வேண்டும் என்ற காரணமே வெளியேற்றத்துக்கு வழியாகும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எல்லாவற்றையும் எழுத்து ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் பழைய பாதுகாப்பு இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. வாடகை நின்றுபோகவில்லை, வியாபாரம் நின்றுபோயிற்று.

சொந்த நிலத்தில் நடந்தவற்றுக்கும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1954இல் கே. சீதாராம ராவ் எழுப்பிய தாசப்பிரகாஷ் ஓட்டலின் வளைந்த முகப்பையும் அங்கே விற்ற ஐஸ்கிரீமையும் எழும்பூர்ப் பக்கம் வளர்ந்த யாரும் மறக்க மாட்டார்கள். இன்று ஓட்டலும் இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. நகரத்தின் நடுவில் அவ்வளவு பெரிய மனையில் ஓர் ஓட்டல் பத்து ஆண்டுகளில் சம்பாதிப்பதை, அந்த மனையை விற்றால் ஒரே கையெழுத்தில் பெறலாம். யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. விற்றவர்களின் இடத்தில் நான் இருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாரம்பரியக் கட்டடம் என்றால் கோட்டையும் கோயிலும் நீதிமன்றமும் மட்டும்தான் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கும் எண்ணம் மாற வேண்டும். எண்பது ஆண்டுகள் ஒரே வாசல் வழியாக ஊர் நுழைந்து வெளியேறிய ஓர் ஓட்டலுக்குச் சொத்து வரியில் சலுகை கொடுத்தால் நகரத்துக்குப் பெரிய இழப்பு வந்துவிடாது.

கேள்வி: 1970களில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு ஆண்டுகள் தங்கியவன் நான். மெஸ் டிக்கெட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதினால் என் போன்றவர்கள் மகிழ்வோம்.
(சேலம் வாசகர்)

பதில்: ஒரு வரியில் முடியுமா, ஐயா! மாதம் பிறந்ததும் முன்பணம் கட்டினால் முப்பதோ அறுபதோ சீட்டுகள் தைத்த சிறு புத்தகம் ஒன்று தருவார்கள். சாப்பிட வரும்போது ஒன்றைக் கிழித்துக் கல்லாவில் வைக்க வேண்டும். ஊருக்குப் போனவர் தம் சீட்டுகளை அறை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போவார். வேலை கிடைக்காத ஒருவருக்கு அதுவே ஒரு வாரச் சாப்பாடு. எங்கள் தெருவிலிருந்த மெஸ்ஸில், சீட்டுத் தீர்ந்தவரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கல்லாவில் இருந்தவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பிட்டவர் சம்பளம் வந்ததும் கணக்கைத் தாமாகவே சொல்லிக் கட்டுவார். கணக்கு எழுதிய நோட்டு எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ் விடுமுறை. அன்று இரவு எட்டு மணிக்குத் திருவல்லிக்கேணிப் பெட்டிக்கடைகளில் வாழைப்பழத் தார் காலியாவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குச் சற்று முந்திய தலைமுறையினர் திங்கட்கிழமை இரவையும் சேர்த்து நினைவுகூர்வார்கள். 1965இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதை ஏற்று ஓட்டல்கள் திங்கட்கிழமை இரவுகளில் அடுப்பை மூட்டவில்லை. ஞாயிறும் திங்களும் அடுத்தடுத்து வந்த அந்த இரவுகளை அறைவாசி ஒருவர் எப்படிக் கழித்திருப்பார் என்று குடும்பத்தோடு இருந்த எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

கேள்வி: எங்கள் தாத்தா சிந்தாதிரிப்பேட்டையில் 1940களில் இருந்து ஒரு சிறிய ஓட்டல் நடத்தினார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உதிரிப் பாகங்கள் விற்கிறார்கள். ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. அந்த ஓட்டலின் வரலாற்றை எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
(தாம்பரம் வாசகர்)

பதில்: முடியும். புகைப்படம் இல்லை என்பதால் தயங்காதீர்கள். ஓட்டல்களைப் பெரும்பாலும் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். ஓட்டல் பெயர் பொறித்த டம்ளர், தூக்கு, கரண்டி ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த நாளில் பாத்திரக் கடைக்காரர் பெயரையும் வருடத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுப்பார். அதுவே உங்களுக்கு முதல் ஆதாரம். வாடகை இரசீது, மாநகராட்சி உரிமக் கட்டணச் சீட்டு, மளிகைக் கடைப் பாக்கி நோட்டு ஆகியவற்றைத் தாள் கிழிந்திருக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். மளிகை நோட்டிலிருந்து வாரத்துக்கு எத்தனைப் படி உளுந்து போயிற்று என்று தெரிந்தால், ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்றது என்று கணக்கிட்டுவிடலாம்.

அடுத்து, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போங்கள். பழைய இதழ்களில் கட்டுரைகளைவிட விளம்பரங்களைப் பாருங்கள். தீபாவளி மலர்களின் கடைசிப் பக்கங்களில் தெருமுனை ஓட்டல்கள்கூட நாலு வரி விளம்பரம் கொடுத்திருக்கும். பழைய தொலைபேசிக் கையேடுகளும் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். முதலாளி வீட்டுக் கதை உங்களிடம் இருக்கிறது. சர்வரின் கதையும் மேசை துடைத்த பையனின் கதையும் இருக்காது. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். கேட்கும்போது "நல்ல ஓட்டலா?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பார்சல் கட்டும் நூல்கண்டு எங்கே தொங்கியது, இரவு எங்கே படுத்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, ஊருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போனீர்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு தாளில் தரைப்படம் வரையுங்கள். மேசைகளை எண்ணுங்கள். சுவரோரத்து மேசையில் தினமும் வந்து உட்கார்ந்தவர் யார் என்று கேளுங்கள். எல்லா ஓட்டலிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 22ஆம் தேதியை ஒட்டிச் சென்னை நாள் கொண்டாடுகிறார்கள். பேச்சுகளும் நடைகளும் கண்காட்சிகளும் நடக்கும். கோட்டைக்கான நிலம் 1639இல் கைமாறிய நாளாகக் கருதி 2004இல் தொடங்கிய வழக்கம் அது. அதற்குள் உங்கள் கையில் தரைப்படமும் நான்கைந்து பேரின் நினைவுகளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிந்தாதிரிப்பேட்டையிலேயே ஒரு நடையை நீங்களே ஏற்பாடு செய்யலாம். அந்தச் செல்போன் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பேச விடுவார். நாளும் நேரமும் முடிவானதும் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள், நானும் வருகிறேன்.